டெல்டா வீட்டில் ஸ்னோபோர்டு: பராமரிப்பும் பழுதுபார்ப்பும் குறித்து அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

காவிரி டெல்டாவில் பனி என்றால் மார்கழி விடியலில் வயல்மேல் படியும் மூட்டம்தான். சறுக்கிச் செல்லும் பனி இங்கே கிடையாது. ஆயினும் தஞ்சாவூர், மன்னார்குடி, மயிலாடுதுறை, நாகப்பட்டினம் பக்கத்து வீடுகள் சிலவற்றில், பனிச்சரிவில் நின்றபடி சறுக்கிச் செல்லும் பலகைகளான ஸ்னோபோர்டுகள் இருக்கின்றன. வெளிநாட்டில் வேலை பார்க்கும் பிள்ளைகள் விடுமுறைக்கு வந்தபோது கொண்டுவந்து விட்டுச் சென்றவை சில. ஜனவரி, பிப்ரவரி மாதங்களில் இமயமலைப் பனிச்சறுக்கு ஊர்களான குல்மார்குக்கும் அவுலிக்கும் போய்வருகிறவர்கள் சொந்தமாக வாங்கியவை சில. கும்பகோணத்தில் என் வீட்டுப் பின்கட்டில் இவற்றைச் சீர்செய்து வருகிறேன். என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கப்பட்ட கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன். என் கைக்கு வந்த பலகைகளில் பெரும்பாலானவை மலையில் பாறை மோதிக் கெட்டவை அல்ல. வருடத்தில் பத்து நாள் பனியில் ஓடிவிட்டு, மிச்ச நாளெல்லாம் நம் வீட்டு ஈரத்திலும் வெக்கையிலும் கிடந்து கெட்டவை. ஆகவே, பழுதுபார்ப்பதைவிட, எடுத்துவைப்பதைப் பற்றியே இதில் அதிகம் பேசுகிறேன்.

பலகை பிளாஸ்டிக்தானே, ஈரம் அதை என்ன செய்துவிடும்?

வெளியே தெரிவதுதான் பிளாஸ்டிக். உள்ளே இருப்பது மரம். பாப்லர், பாலோனியா போன்ற இலேசான மரங்களின் கீற்றுகளை ஒட்டிச் செய்த நடுப்பகுதியின் மேலும் கீழும் கண்ணாடியிழைத் துணியை வைத்து, எபாக்ஸி பிசினால் அழுத்தி ஒட்டியிருப்பார்கள். மேலே படம் அச்சிட்ட தாள், கீழே பேஸ் எனப்படும் வழுக்குப் பரப்பு, சுற்றிலும் எஃகு விளிம்பு, அதற்கு மேலே பக்கச்சுவர். பேஸ் மிக உறுதியான ஒருவகைப் பாலிஎத்திலீன். அது தண்ணீரை ஏறக்குறைய உறிஞ்சுவதே இல்லை. ஆனால் அதில் ஆழமாக ஒரு கீறல் விழுந்தாலோ, விளிம்புக்கும் பக்கச்சுவருக்கும் இடையே மயிரிழை அளவு பிளவு விட்டாலோ, அந்த வழியாக ஈரம் மரத்துக்குப் போய்ச் சேர்ந்துவிடும். மழைக்காலத்தில் நம் வீட்டு நிலைக்கதவு எப்படி ஊதிப்போய்ச் சாத்த முடியாமல் நிற்கிறதோ, அதுபோல அந்த மரமும் ஊதும். ஊதும்போது ஒட்டிய அடுக்குகள் விலகும். எஃகு விளிம்பு துருப்பிடிக்காத எஃகு அல்ல, கூர் நிற்பதற்காகச் செய்யப்பட்ட சாதாரணக் கடின எஃகு. ஐப்பசி மழையில் ஒரே வாரத்தில் அது செம்மண் நிறத்துக்கு வந்துவிடும்.

வீட்டில் எங்கே வைப்பது?

முதலில் வைக்கக்கூடாத இடங்களைச் சொல்லிவிடுகிறேன். சமையலறைப் பரண் கூடாது. நீராவியும் எண்ணெய்ப் பிசுக்கும் அங்கேதான் ஏறும். தகரமோ ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்டோ போட்ட மேல்மாடி அறை கூடாது. அக்னி நட்சத்திர நாட்களில் அந்தச் சூட்டில் மெழுகு இளகித் தூசியைப் பிடித்துக்கொள்ளும், பிசினுக்கும் அந்தச் சூடு நல்லதல்ல. வெயிலில் நிறுத்திய காருக்குள் விட்டுவைப்பது அதைவிட மோசம். நெல் மூட்டை அடுக்கும் அறையும் கூடாது. மூட்டைக்கு வரும் எலி, காலைப் பலகையோடு பிணைக்கும் பைண்டிங்கின் பட்டையையும் பூட்ஸின் பஞ்சையும் சேர்த்தே கடித்துவிடும். தரையில் நேராகப் போடுவதும், மழைச்சாரல் படும் வெளிச்சுவரில் சாய்த்துவைப்பதும் தவறு.

நான்கு புறமும் வேறு அறைகள் சூழ்ந்த உள்ளறை இருந்தால் அதுவே சிறந்த இடம். தரையிலிருந்து முழங்கால் உயரத்தில் இரண்டு கட்டைகளைச் சுவரில் அடித்து, அவற்றின்மேல் பழைய வேட்டித் துணியைச் சுற்றி, பலகையைப் படுக்கையாக வையுங்கள். மேலே கனமான எதையும் அடுக்காதீர்கள். பலகைக்கு இயல்பாக உள்ள வளைவு மாதக்கணக்கான பாரத்தில் தளர்ந்துவிடும். பிளாஸ்டிக் உறையில் போட்டு வாயைக் கட்டிவைப்பது பாதுகாப்பு என்று பலர் நினைக்கிறார்கள். உள்ளே சிக்கிய ஈரம் வெளியேற வழியில்லாமல், துரு அந்த உறைக்குள்தான் வேகமாகப் பிடிக்கிறது. பருத்தித் துணியால் மூடினால் போதும்.

நாகப்பட்டினம், வேதாரண்யம், காரைக்கால் போன்ற கடலோர ஊர்க்காரர்கள் கூடுதலாக ஒன்று செய்ய வேண்டும். உப்புக்காற்றில் மெழுகுப்பூச்சு மட்டும் விளிம்பைக் காப்பாற்றாது. தையல் மெஷினுக்கு விடும் எண்ணெயைத் துணியில் தொட்டு, இரண்டு மாதத்துக்கு ஒருமுறை விளிம்பின் பக்கவாட்டில் மெல்லியதாகத் தடவிவையுங்கள்.

எடுத்துவைப்பதற்கு முன் மெழுகு பூச வேண்டும் என்கிறார்களே, அதை எப்படிச் செய்வது?

ஊர் திரும்பிய முதல் வாரத்திலேயே செய்துவிட வேண்டிய வேலை இது. முதலில் பைண்டிங்குகளைக் கழற்றுங்கள். முறுக்கிய திருகு பேஸை உள்பக்கமிருந்து இழுத்துக்கொண்டிருக்கும்போது சூடு பட்டால் அந்த இடங்களில் குழி விழும். பிறகு ஈரத்துணியால் துடைத்து, மின்விசிறியின் கீழ் ஒரு நாள் முழுக்க உலரவிடுங்கள். விளிம்பில் துரு இருந்தால் இப்போதே நீக்குங்கள். துருவின்மேல் மெழுகு பூசினால் துரு உள்ளேயே வளரும்.

இரண்டு ஸ்டூல்களின்மேல் பேஸ் மேலே தெரியும்படி பலகையை வைத்து, ஸ்னோபோர்டு வேக்ஸ் கட்டியை அயர்ன் பாக்ஸின் முகத்தில் தொட்டு, உருகிச் சொட்டும் துளிகளைப் பரப்பெங்கும் விடுங்கள். பின்னர் அயர்னை ஒரு நுனியிலிருந்து மறு நுனிக்கு நிறுத்தாமல் நகர்த்துங்கள். அயர்னுக்குப் பின்னால் நனைந்தது போன்ற கோடு ஓரிரு அங்குலம் நீண்டு உடனே மங்கினால் வேகம் சரி. அந்தக் கோடு அடிக்கணக்கில் நீண்டால் சூடு அதிகம். கீழே இருக்கும் படமுள்ள பக்கத்தை உள்ளங்கையால் தொட்டுப் பாருங்கள். இளஞ்சூட்டுக்கு மேல் இருந்தால் நிறுத்துங்கள். எடுத்துவைப்பதற்கான பூச்சைச் சுரண்டக்கூடாது. விளிம்பையும் மூடும்படி தடிமனாகவே விட்டுவிடுங்கள். அடுத்த பயணத்துக்கு முன் சுரண்டிக்கொள்ளலாம்.

சுரண்டுவதற்கு இரும்பு ஸ்கேல் வேண்டாம். பெயர்ப்பலகை செய்யும் கடையில் மிஞ்சிக்கிடக்கும் 4 அல்லது 5 மில்லிமீட்டர் அக்ரிலிக் துண்டை நேராக அறுத்து வாங்கினால் அருமையான சுரண்டி கிடைக்கும். இங்கே அறையின் வெப்பமே 33, 34 டிகிரி இருப்பதால், பூசிய மெழுகு அரை மணி நேரத்தில் இறுகாது. ஓர் இரவு முழுக்க விட்டு, விடியற்காலைக் குளிர்ச்சியில் சுரண்டினால் இழுபடாமல் சுருள்சுருளாக வரும். அதன்பின் நைலான் பிரஷ்ஷால் நுனியிலிருந்து வால் நோக்கித் தேய்த்தால் வேலை முடிந்தது.

துணி தேய்க்கும் அயர்ன் பாக்ஸையே பயன்படுத்தலாமா?

பழைய மின்சார அயர்ன் ஒன்றை இதற்கென்றே ஒதுக்கிவிட்டால் பயன்படுத்தலாம். அதன்பின் அது துணிக்கு உதவாது. நீராவித் துளைகள் உள்ளது வேண்டாம், துளைக்குள் மெழுகு போய் அடைத்துக்கொள்ளும். பெரும்பாலான வேக்ஸ் கட்டிகளுக்கு 110 முதல் 140 டிகிரி செல்சியஸ் போதும். சரியான அளவைக் கட்டியின் உறையிலேயே அச்சிட்டிருப்பார்கள். பேஸின் உருகுநிலை ஏறத்தாழ 130 முதல் 136 டிகிரிதான் என்பதால், அயர்னை ஓரிடத்தில் நிறுத்தினால் பேஸ் வெந்துபோய் மினுமினுக்கும், அந்தப் பகுதி பிறகு மெழுகை ஏற்காது. பட்டுக்கான நிலையில் தொடங்கிச் சிறிது சிறிதாக ஏற்றுங்கள். மெழுகிலிருந்து புகை வந்தால் உடனே குறையுங்கள். தெருமுனை இஸ்திரி வண்டியின் கரிப்பெட்டியில் சூட்டைக் கட்டுப்படுத்தவே முடியாது, அதைத் தொடாதீர்கள்.

சன்னல்கள் திறந்த இடத்தில், கேஸ் அடுப்புக்குத் தொலைவாகச் செய்யுங்கள். வெளிநாட்டிலிருந்து வந்த பழைய கட்டியில் ஃப்ளோரின் கலந்தது என்று எழுதியிருந்தால் அதை உருக்கவே வேண்டாம். அந்த ரசாயனங்கள் மண்ணிலும் நீரிலும் அழியாமல் தங்குபவை. சர்வதேசப் பனிச்சறுக்குக் கூட்டமைப்பு 2023-24 பருவத்திலிருந்து போட்டிகளில் அவற்றை முற்றாகத் தடைசெய்துவிட்டது.

சுவாமிமலையில் சிலை வார்க்கப் பயன்படும் மெழுகைப் பூசலாமா?

கும்பகோணத்துக்காரர்கள் எல்லாரும் கேட்கும் கேள்வி இது. கேட்பதில் நியாயமும் இருக்கிறது. பக்கத்திலேயே இவ்வளவு நல்ல மெழுகு இருக்கும்போது எங்கிருந்தோ ஏன் வரவழைக்க வேண்டும்? ஆனால் அந்த மெழுகின் நோக்கமே வேறு. ஸ்தபதிகள் தேன்மெழுகோடு குங்கிலியத்தையும் கடலை எண்ணெயையும் சேர்த்துக் காய்ச்சுவது, விரலுக்கு வசப்பட்டு, பிடித்த வடிவத்தில் அது நிற்க வேண்டும் என்பதற்காக. குங்கிலியம் பசைத்தன்மை உடையது. வழுக்க வேண்டிய பரப்பில் அதைப் பூசினால் பனி ஒட்டிக்கொண்டு பலகை நடுச்சரிவில் நின்றுவிடும், பேஸிலிருந்து அதை எடுப்பதும் பெரும்பாடு. தனித் தேன்மெழுகும் மெத்தென்று இழுக்கும். வாசனையும் நிறமும் சேர்க்காத வெள்ளை மெழுகுவர்த்தி பாராஃபின் என்பதால், வேறு வழியே இல்லாதபோது எடுத்துவைக்கும் பூச்சாக அதைப் பயன்படுத்தலாம். பனியில் இறங்குமுன் சுரண்டிவிட்டு முறையான வேக்ஸ் பூச வேண்டும்.

முறையான வேக்ஸ் ஏன் முக்கியம் என்றால், பனிக்குப் பனி குணம் மாறும். கடுங்குளிரில் பனித்துகள்கள் கூர்மையாக இருக்கும். மென்மையான மெழுகில் அவை குத்தி நின்று இழுக்கும். ஜனவரி மாத குல்மார்குக்குக் குளிருக்கான கடினக் கட்டியும், மார்ச் மாத ஈரப்பனிக்கு மென்கட்டியும் வேண்டும். ஒன்றே ஒன்று வாங்குவதானால் எல்லா வெப்பநிலைக்கும் ஆனது என்று குறித்ததை வாங்குங்கள். மூன்றிலிருந்து ஐந்து நாள் சறுக்கியபின் மீண்டும் பூச வேண்டும். விளிம்பை ஒட்டிய பேஸ் வெளுத்துச் சாம்பல் பூத்ததுபோல் தெரிந்தால் மெழுகு தீர்ந்துவிட்டது என்று பொருள்.

விளிம்பில் துரு பிடித்துவிட்டது. பித்தளைப் பாத்திரத்தைப் போலப் புளி போட்டுத் தேய்க்கலாமா?

வேண்டாம். புளியின் அமிலம் துருவைக் கரைக்கத்தான் செய்யும். ஆனால் குத்துவிளக்கைப் போல இதைத் தண்ணீர் விட்டு அலசிவிட முடியாது. விளிம்புக்கும் பேஸுக்கும் இடையிலுள்ள இடுக்கில் தங்கும் புளித்தண்ணீர் மறுபடி துருவைக் கிளப்பும். மேலோட்டமான துருவுக்கு ரப்பரில் மணல் கலந்தது போன்ற கம்மி ஸ்டோன் ஒன்றே போதும். பென்சில் எழுத்தை அழிப்பதுபோல விளிம்பின் நீளவாக்கில் தேயுங்கள். அதற்கும் போகாத துருவைக் வைரத்தூள் பதித்த கையடக்கத் தேய்ப்புக்கல்லால் எடுக்கலாம். குழிகுழியாக அரித்துவிட்டிருந்தால் அரம்தான் வேண்டும்.

சாணை பிடிப்பவரிடம் விளிம்பைக் கூராக்கித் தரச் சொல்லலாமா?

அருவாளும் கத்தியும் அவரிடம் கொடுங்கள், இதைக் கொடுக்காதீர்கள். சுழலும் கல்லின் சூடு எஃகின் உரத்தை இறக்கிவிடும், பக்கத்திலுள்ள பிசினையும் இளக்கும், கோணமும் தவறிப்போகும். விளிம்பின் அகலம் சில மில்லிமீட்டர்தான், ஒருமுறை தேய்ந்தால் திரும்ப வராது. எட்ஜ் கைடு என்னும் சிறு கருவியில் நுண்பல் அரத்தைப் பொருத்தி, பக்கவாட்டை 89 அல்லது 88 டிகிரியில் வைத்து, ஒரே திசையில் இழுத்தால் போதும். முன்னும் பின்னும் அறுக்கக்கூடாது. அடிப்பக்கம் வழக்கமாக 1 டிகிரி சரிவாக இருக்கும். பழக்கமில்லாதவர்கள் அதில் கைவைக்காமல் மலையூர்க் கடைக்காரரிடம் விடுவது நல்லது. நுனியிலும் வாலிலும் பலகை மேல்நோக்கி வளையத் தொடங்கும் இடத்தில் விளிம்பின் கூர்மையைச் சற்று மழுக்கிவிடுங்கள். இல்லாவிட்டால் திரும்பும்போது பனியில் குத்தி ஆளைக் கவிழ்க்கும்.

பேஸில் கீறல் விழுந்திருக்கிறது. எதை அடைப்பது?

நகத்தை ஓட்டிப்பார்த்து, நகம் மாட்டாத கீறலை விட்டுவிடுங்கள், மெழுகே போதும். நகம் மாட்டினால், பேஸை அடைக்கும் பாலிஎத்திலீன் குச்சியான பி-டெக்ஸ் வேண்டும். கீறலின் பிசிறுகளைக் கூரிய கத்தியால் வெட்டி, மெழுகில்லாமல் துடைத்து, குச்சியைக் கொளுத்திச் சொட்டவிட வேண்டும். சுடர் பெரிதாகி மஞ்சளானால் கரி கலந்து கறுப்புத் துளிகள் விழும், அவை ஒட்டாது. ஆகவே குச்சியின் முனையை ஓர் இரும்புத் தகட்டின் அருகிலேயே பிடித்து, சுடரைச் சிறிதாக, நீலமாக வைத்துக்கொண்டு, முதல் துளிகளைத் தகட்டில் விட்டுவிட்டுப் பிறகு கீறலுக்குப் போங்கள். பரப்புக்குச் சற்று மேலே நிற்கும்படி நிரப்பி, நன்கு ஆறியபின் மட்டமாகச் சீவுங்கள். உருகிய துளி தோலில் பட்டால் ஒட்டிக்கொண்டு சுடும். செருப்பில்லாமல் வெறும் காலோடு இந்த வேலையில் உட்காராதீர்கள். பிளாஸ்டிக் வாளித் துண்டை உருக்கி ஊற்றிய பலகை ஒன்று என்னிடம் வந்தது. முழுவதையும் நோண்டி எடுத்த பிறகே சரியானதை ஊற்ற முடிந்தது.

கீறலுக்குள் மரமோ கண்ணாடியிழையோ தெரிந்தால், அல்லது பள்ளம் எஃகு விளிம்பை ஒட்டியிருந்தால், சொட்டவிட்ட பி-டெக்ஸ் நிற்காது. உலோகத்தில் அது ஒட்டுவதில்லை. ஈரத்தை முழுக்க உலர்த்தி, எபாக்ஸியால் அடைத்து, கடையில் பேஸ் துண்டு வைத்து ஒட்டச் சொல்ல வேண்டும்.

அடுக்குகள் பிரிந்துவிட்டன. நாகப்பட்டினத்தில் ஃபைபர் படகு ஒட்டுகிறவர்களிடம் கொடுக்கலாமா?

இதற்குச் சற்று விரிவாகவே பதில் சொல்ல வேண்டும், ஏனென்றால் இந்தத் தவற்றை நானே செய்திருக்கிறேன். 2004 ஆழிப்பேரலைக்குப் பின் நம் கடற்கரையில் ஃபைபர் படகுகள் பெருகின. அவற்றை ஒட்டவும் அடைக்கவும் தெரிந்த கைகாரர்கள் இங்கே நிறைய இருக்கிறார்கள். அவர்களின் கைத்திறனில் எனக்குக் குறையே இல்லை. சிக்கல் பிசினில். படகுக்குப் பயன்படுவது பெரும்பாலும் பாலியெஸ்டர் பிசின். பலகையை ஒட்டியிருப்பது எபாக்ஸி. இறுகிவிட்ட எபாக்ஸியின் மேலும் மரத்தின் மேலும் பாலியெஸ்டரின் பிடி குறைவு, வளைந்து நிமிரும் பலகையில் அது விட்டுவிடும். இரண்டையுமே ரெசின் என்றும் ஹார்டனர் என்றும்தான் சொல்கிறோம் என்பதால் குழப்பம் வருகிறது. பிரித்தறிய எளிய வழி உண்டு. ரெசினின் எடையில் நூற்றுக்கு ஒன்றிரண்டு பங்கு, சொட்டுக் கணக்கில் ஹார்டனர் சேர்த்தால் அது பாலியெஸ்டர். பாதி, மூன்றிலொரு பங்கு என்று கணிசமாகச் சேர்த்தால் அது எபாக்ஸி. நான் படகுப் பட்டறையிலிருந்து வாங்கிவந்த பிசினால் ஒட்டிய வால்பகுதி, குல்மார்கில் மூன்றாம் நாள் மீண்டும் பிளந்தது. மிச்ச நாட்களைக் கீழே நின்று பார்த்துக் கழித்தேன்.

சரியான முறை இது. பிளவைச் சிறு மர ஆப்பால் இலேசாகத் திறந்து, ஒரு வாரமாவது மின்விசிறியில் உலரவிடுங்கள். ஐப்பசி, கார்த்திகையில் இதைத் தொடங்காதீர்கள். உள்ளே உள்ள அழுக்கை அசிட்டோன் தொட்ட துணியால் எடுங்கள். நகச்சாய நீக்கியில் எண்ணெய் கலந்திருக்கலாம், அது வேண்டாம். மெதுவாக இறுகும் எபாக்ஸியைத் தராசில் நிறுத்துக் கலந்து, ஊசியில்லாத சிரிஞ்சால் ஆழம்வரை செலுத்துங்கள். ஐந்து நிமிடத்தில் இறுகும் வகை நொறுங்கும் தன்மையுடையது. வெப்பம் 10 டிகிரி ஏறினால் பிசினோடு வேலை செய்யக் கிடைக்கும் நேரம் ஏறக்குறையப் பாதியாகும் என்பதை மறக்க வேண்டாம். உறையில் அரை மணி என்று போட்டிருந்தால், நம் சித்திரை வெயிலில் கால் மணியும் கிடைக்காது. ஆசாரியிடம் நான்கு சி கிளாம்ப்பைக் கேட்டு வாங்கி, இருபுறமும் பாலிதீன் தாளும் அதன்மேல் நேரான ரீப்பர் கட்டையும் வைத்து இறுக்குங்கள். மிகவும் முறுக்கினால் பிசின் முழுவதும் பிதுங்கி வெளியேறி, ஒட்டுவதற்கு உள்ளே ஒன்றும் மிஞ்சாது. 24 மணி நேரம் அப்படியே விடுங்கள். கையுறை அவசியம்.

பைண்டிங் திருகுகளை எவ்வளவு முறுக்க வேண்டும்?

கையால் முறுக்கும் இறுக்கம் போதும். அவை 6 மில்லிமீட்டர் திருகுகள். 3ஆம் எண் ஸ்டார் ஸ்க்ரூடிரைவர்தான் பொருந்தும், சிறியதைப் போட்டால் தலை தேய்ந்துவிடும். முதல் இறக்கத்துக்குப் பிறகு ஒருமுறை சரிபாருங்கள்.

பூட்ஸின் அடிப்பாகம் உதிர்கிறது, உள்ளே பூஞ்சையும் இருக்கிறது. என்ன செய்வது?

பூஞ்சை தீரும், உதிர்வது தீராது. பாலியூரிதேன் அடிப்பாகம் காற்றின் ஈரத்தோடு வினைபுரிந்து சில ஆண்டுகளில் தானே சிதையும். போடாமல் வைத்திருந்தாலும் சிதையும். ஒட்டிப் பயனில்லை. பூஞ்சைக்கு உள்ளுறையைத் தனியே கழற்றி, இளஞ்சோப்பு நீரால் துடைத்து, நிழலில் நாள்கணக்கில் உலர்த்துங்கள். வெயிலில் காயவைத்தால் நுரை சுருங்கும். பிறகு சிலிக்கா ஜெல் பொட்டலங்களை உள்ளே போட்டு, இரண்டு மாதத்துக்கு ஒருமுறை மாற்றுங்கள்.

மகன் கனடாவில் இருக்கிறான். அவன் வரும்வரை நான் ஏதும் செய்யாமல் இருப்பதே நல்லதா?

மன்னார்குடி அம்மா ஒருவர் கேட்டது இது. இல்லை அம்மா, நீங்கள் செய்யக்கூடியது நிறைய இருக்கிறது. போகிக்கு வீட்டை ஒழிக்கும்போதும் ஆடிப்பெருக்கின்போதும் வருடத்துக்கு இரண்டு முறை பலகையை வெளியே எடுத்து, உலர்ந்த துணியால் துடைத்து, விளிம்பில் எண்ணெய் தடவி, மறுபடி உள்ளறையில் வையுங்கள். கழுவ வேண்டாம். எங்கேயாவது அடுக்கு பிரிந்தோ, மேல்தாள் கொப்புளித்தோ தெரிந்தால் படம் எடுத்து மகனுக்கு அனுப்புங்கள். மற்றதை அவர் வந்து பார்த்துக்கொள்வார்.

பழுதுபார்க்க முடியாத பலகை எது?

எஃகு விளிம்பு ஓரிடத்தில் முறிந்து வெளியே பிதுங்கியிருந்தால் துண்டு போட்டுச் சரிசெய்யலாம், அது கடைவேலை. பைண்டிங் பொருந்தும் துளைகளின் உள்மரை பிடுங்கிக்கொண்டு வந்திருந்தாலும் சில கடைகளில் மாற்றித் தருவார்கள். ஆனால் இரண்டு பாதங்களுக்கும் நடுவே குறுக்காக விரிசல் ஓடியிருந்தால், அல்லது விரலால் அழுத்தும்போது உள்மரம் ஊறிய பலாச்சுளைபோல மெத்தென்று அமுங்கினால், அந்தப் பலகையில் ஏறக்கூடாது. எவ்வளவு பிசின் ஊற்றினாலும் சுமை தாங்காது. வேகத்தில் போகும்போது முறியும். பைண்டிங்குகளை மட்டும் கழற்றி, திருகுகளையும் வட்டத் தகடுகளையும் ஒரு டப்பாவில் போட்டு வையுங்கள். பெரும்பாலும் அடுத்த பலகைக்கும் அவை பொருந்தும்.